வீட்ல சும்மாதான் இருக்கா

'சும்மா'ங்கிற வார்த்தையைக் கேட்டாலே இன்னைக்கும் என் கை தன்னால போய் நெஞ்சைத் தொட்டுப் பாக்கும். கோவமும் வரும். என்னைச் சாகடிக்கப் பாத்த வார்த்தை அது. இவ என்னடா ஒரு வார்த்தைமேல இம்புட்டுப் பழி போடுறாளேன்னு நினைப்பீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எண்பதுகள்ல நடந்தது. சின்ன வயசுல எனக்கு மூட்டுக்காய்ச்சல் வந்து, அது மூட்டை விட்டுட்டு இருதயத்தைப் பிடிச்சுக்கிருச்சு. எழுமலைப் பக்கம் காட்டு வேலை பாத்து வளந்தவ நான். களையெடுக்கிறப்ப மூச்சு வாங்கினா 'சோம்பேறிக் கழுத'ன்னு பேரு வச்சாங்களே ஒழிய, யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலை. கல்யாணமாகி, மக பிறந்த பிறகுதான் விஷயம் முத்திப் போச்சு. படுத்தா மூச்சு முட்டும். சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவேன். மதுரையில பாத்துட்டு, உள்ள ஒரு வால்வு சுருங்கிப் போச்சு, மெட்ராசுக்குப் போய் ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும்னு சொல்லிட்டாங்க. போனோம். நெஞ்செலும்பை நடுவுல நீளமா அறுத்து, உள்ள வேலையை முடிச்சுட்டு, எலும்பைச் சேத்துக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினாங்க. கம்பின்னா நிசக் கம்பிதான். இப்பவும் உள்ளதான் இருக்கு.

அங்க இருந்த ஒரு நர்சம்மா, வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முந்தி என் பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. "எலும்பு ஒட்டுற வரைக்கும் கம்பிதான்மா பிடிச்சுக்கிட்டு இருக்கும். நீ மல்லுக்கட்டினா கம்பி எலும்பை அறுத்துட்டு வந்துரும். அப்பறம் மறுபடியும் திறக்கணும்." அப்படித் திரும்பி வந்த ஒரு ஆளு பக்கத்து வார்டுல கிடந்தாரு. கட்டு மாத்துறப்ப அவரு போட்ட சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். நான் காதைப் பொத்திக்குவேன். கையைத் தூக்கிப் பொத்தினாலும் நெஞ்சு வலிக்கும், அது வேற.

கடைசியா பெரிய டாக்டர் வந்தாரு. நல்ல மனுஷன், என்னைப் பிழைக்க வச்சவரு, அவரைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிரும். ஆனா எல்லாம் ஓட்டமும் நடையுமாத்தான். என் தலைக்கு மேலயே எங்க வீட்டுக்காரரைப் பாத்துக் கேட்டாரு.

"ஸ்ட்ரெயின் பண்ணவே கூடாது. இவங்க என்ன வேலை பண்றாங்க?"

எங்க வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னாரு: "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. வீட்ல சும்மாதான் இருக்கா."

"அப்ப ரொம்ப நல்லது. அப்படியே சும்மா இருக்கட்டும்."

மூணு பேரும் தலையை ஆட்டினோம். ஆமாங்க, நானுந்தான் ஆட்டினேன். அவரு பொய் சொல்லலை. எங்க ஊர்ல எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. தலையில தண்ணிக் குடமும் இடுப்புல பிள்ளையுமா நின்னுக்கிட்டுச் சொல்லுவா, வீட்ல சும்மாதான்த்தா இருக்கேன்னு.

அப்ப நாங்க திருப்பரங்குன்றத்துல ஒரு காம்பவுண்டு வீட்ல குடியிருந்தோம். வரிசையா வீடுங்க, நடுவுல எல்லாருக்கும் ஒரு கிணறு, வாசல்ல நின்னா மலை தெரியும். அவரு பஞ்சாலையில ஷிப்டு வேலை பாத்தாரு. நாங்க வந்து இறங்கின அன்னைக்கே எங்க மாமியார், நான் அத்தைன்னு கூப்புடுறவங்க, ஊர்லருந்து ரெண்டு கோழியும் ஒரு மூட்டைக் கேப்பையுமா வந்துட்டாங்க. அத்தையைப் பத்தி ஒரு சொல்லு தப்பாச் சொல்ல மாட்டேன். என்னைத் தரையில கால் வைக்க விடலை. ஒருக்களிச்சுப் புரண்டு, கையை ஊணாம எந்திரிக்கணும்னு நர்சம்மா சொல்லிக் குடுத்ததை, என்னைவிட அத்தை நல்லாப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஏத்தா, ஊணாத ஊணாத!"ன்னு அடுப்படியிலருந்தே கத்துவாங்க.

பிறகு ஊர்லருந்து ஆளு வந்துச்சு. சோளக்காட்டுல களை முட்டிப் போச்சு, ஆள் கிடைக்கலைன்னு. அத்தைக்கு இருப்புக் கொள்ளலை. பையை எடுத்துக்கிட்டு நின்னுக்கிட்டே சொன்னாங்க. "நான் போயிட்டு வாரேன்த்தா. டாக்டரு சொன்னது ஞாபகம் இருக்கட்டும். வேலை கீலைன்னு எங்கிட்டும் போயிராத. வீட்ல சும்மா இரு."

அவுகளுக்கு வேலைன்னா நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு. அரிவாளை எடுத்துக்கிட்டு வெயில்ல இறங்கினாத்தான் வேலை. வீட்டுக்குள்ள நடக்கிறதுக்கு ஒரு பேரே கிடையாது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதனாலதான் அத்தை போன மறுநாள் காலையில வெளக்கமாத்தை எடுத்தப்ப, நான் ஒரு தப்புப் பண்றேன்னு எனக்குத் தோணவே இல்லை. குப்பை கிடந்துச்சு, கூட்டினேன். அம்புட்டுத்தான்.

அவரு வேலைக்குப் போறதுக்கு முந்தி ரெண்டு குடம் எறைச்சு வச்சுட்டுப் போவாரு. காலை ஷிப்டு வந்துச்சுன்னா அதுக்கும் நேரம் இருக்காது. சின்னப்பிள்ளை உள்ள வீட்ல ரெண்டு குடம் எந்த மூலைக்கு? பாதி வாளிதானே, எறைச்சா என்னன்னு போவேன். பாதி வாளி முக்கா வாளி ஆச்சு. மாவு இல்லைன்னு ஆட்டுரல்ல உக்காந்தேன். மக காலைக் கட்டிக்கிட்டு "தூக்கு, தூக்கு"ன்னு அழுதா, ஒரு நிமிஷம் இடுப்புல ஏத்தி எறக்கிவிடுவேன். ஒவ்வொண்ணும் 'இதுல என்ன இருக்கு'ங்கிற அளவுலதான் இருந்துச்சு. யாராச்சும் வாசல்ல போறவங்க, "என்னத்தா பண்ற?"ன்னா, "சும்மாதான்க்கா"ன்னு சொல்லுவேன்.

இதுல பாக்க வர்ற சனம் வேற. உசிலம்பட்டி பஸ்ஸுல ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டுல மாறி, கூட்டம் கூட்டமா வருவாங்க. கையில ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சுப் பழம், ரொட்டி. உள்ள நுழையுறப்பவே, "எந்திரிக்காதத்தா, எந்திரிக்காத, படுத்துக்க"ம்பாங்க. பிறகு பாயில உக்காந்து, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, அடுப்படியைப் பாப்பாங்க. பாக்க வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பித் தண்ணி குடுக்காம அனுப்பினா, இருதயம் ஆபரேஷன் பண்ணின கதை போயி, காப்பி குடுக்காத கதைதான் எழுமலை வரைக்கும் போகும். நான் எந்திரிச்சு அடுப்பை மூட்டுவேன். அவங்க உக்காந்த எடத்துலருந்து என்னைப் பாத்து, "பாத்தாத் தெரியவே இல்லையே, ஆளு நல்லாத்தான இருக்கா"ன்னு சந்தோசப்படுவாங்க. சேலைக்குள்ள இருக்கிறது யாருக்குத் தெரியும்?

அன்னைக்கு அப்படி ஒரு கூட்டம் வந்துட்டுப் போயிருந்துச்சு. தம்ளரெல்லாம் கழுவ வேண்டிக் கிடந்துச்சு, பானையில சொட்டுத் தண்ணி இல்லை. கிணத்துக்குப் போனேன். வாளி நிறைஞ்சு போச்சு. பாதியைச் சரிச்சு ஊத்தணும்னு தெரியும். சரி, ஒரே இழுவையா இழுத்துருவோம்னு கயித்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். பாதிக் கிணத்துல வாளி வர்றப்ப, என் நெஞ்சுக்குள்ள 'களக்'குன்னுச்சு.

வலி இல்லை. அதுதான் பயமே. ஒரு சத்தம், அதுவும் எனக்கு உள்ள. பழைய பெட்டியில தாழ்ப்பாள் நழுவுற மாதிரி. கயிறு கையிலருந்து உருவிக்கிட்டு ஓடுச்சு, வாளி கீழ போய்த் தண்ணியில அறைஞ்சுச்சு. நான் கிணத்துச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூச்சை இழுத்துப் பாத்தேன். களக். விட்டுப் பாத்தேன். களக். அந்தப் பக்கத்து வார்டு ஆளோட சத்தம் காதுல வந்துச்சு. ஐயோ, என்னை மறுபடி திறந்துருவாங்களே!

அவரு வந்தவுடனே சொன்னேன். ஒண்ணும் புரியாம நின்னாரு.

"எப்படி? நீதான் ஒரு வேலையும் செய்யலையே?"

"செய்யலைதான்."

"பிறகு எப்படி ஒடையும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்! தண்ணி எறைச்சேன், அம்புட்டுத்தான்."

"தண்ணி எறைக்கிறது என்னைக்கும் உள்ளதுதானே?"

"உள்ளதுதான்!"

இன்னைக்கு நினைச்சா எனக்குச் சிரிப்பும் வருது, அவரையும் என்னையும் சேத்து வச்சு நாலு சாத்தலாம்னும் வருது. ரெண்டு பேரும் சண்டை போட்டோம், ஆனா எதுக்குச் சண்டை போடுறோம்னு ரெண்டு பேருக்குமே தெரியலை. ஆபரேஷன்லதான் ஏதோ கோளாறுன்னு அவரு சொன்னாரு. எங்க குலசாமிக்கு ஏதோ குறைன்னு நான் சொன்னேன். நடுவுல எம் மக வந்து மடியில உக்காந்து, நெஞ்சுல காதை வச்சுக் கேட்டா. கேட்டுட்டு மெதுவா, "அம்மா, உள்ள யாரோ தட்டுறாங்க"ன்னா. அதோட சண்டை முடிஞ்சுச்சு.

காலையில மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மகளைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டு, துண்டை உருண்டையாச் சுருட்டி நெஞ்சுல கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். இருமல் வந்தா இப்படித்தான் அணைச்சுக்கணும்னு நர்சம்மா சொல்லியிருந்தாங்க. பஸ்ல நிக்க எடமில்லை. மேல கம்பியைப் பிடிக்க முடியாது, கையைத் தூக்கக்கூடாது. பிடிக்காம நின்னா விழுவேன். நான் பாக்க நல்லா வாட்டசாட்டமா இருக்கேன், கையில வேற துண்டுச் சுருட்டு, எவ எந்திரிச்சு எடம் குடுப்பா? அவரு கத்தினாரு. "இந்தாங்க, நெஞ்சை அறுத்துத் தச்சிருக்கு, கொஞ்சம் எடம் குடுங்க!" பஸ்ஸே திரும்பி என் நெஞ்சைப் பாத்துச்சு. எனக்கு மானம் போச்சு. ஆனா ஒரு கிழவர் எந்திரிச்சாரு, நல்லா இருக்கணும் அவரு. பள்ளத்துல பஸ் ஏறி இறங்குறப்ப எல்லாம் உள்ள களக், களக்.

உக்காந்துக்கிட்டு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். டாக்டர் கேட்டா எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லிப்புடணும். தண்ணி எறைச்சது, மாவாட்டினது, துணி பிழிஞ்சது, பிள்ளையைத் தூக்கினது. எனக்கு அப்ப லேசாச் சந்தேகம் தட்டியிருந்துச்சு.

அங்க ஒரு லேடி டாக்டர் இருந்தாங்க. சிரிக்க மாட்டாங்க, காகிதத்தைப் பாத்துக்கிட்டே பேசுவாங்க. மெட்ராஸ்ல குடுத்ததைப் புரட்டிட்டுக் கேட்டாங்க. "வீட்ல என்னம்மா செய்றீங்க?"

நான் வாயைத் திறந்தேன். "சும்மாதான் இருக்கேன் டாக்டர்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பஸ்ல அம்புட்டு நேரம் சொல்லிப் பாத்தது எங்க போச்சு? என் வாயில வந்தது நான் சொன்னது இல்லை, எங்க ஊரு சொன்னது. சரி, திருத்திச் சொல்லுவோம்னு நினைக்கிறதுக்குள்ள அந்தம்மா நாடி பாக்க என் கையை எடுத்தாங்க. எடுத்தவங்க திருப்பினாங்க. உள்ளங்கையில குறுக்கே, கயிறு உருவின தடம் தோலுரிஞ்சு செவசெவன்னு கிடந்துச்சு.

"இது என்ன?"

"கிணத்துக் கயிறு டாக்டர்."

"சும்மா இருக்கிற கையில கயிறு எப்படி வந்துச்சு?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் எனக்கு ஒத்தாசை பண்றதா நினைச்சுக்கிட்டு முன்னால வந்தாரு. "தண்ணி மட்டுந்தான் டாக்டர் எறைப்பா."

"மாவு?"

"அதுவும் அவதான் ஆட்டுவா."

"துணி?"

"துவைப்பா."

"பிள்ளை இருக்கா? அழுதா யார் தூக்குறது?"

அவரு குரல் இறங்கிப் போச்சு. "அவதான். அதெல்லாம் வீட்டு வேலைதானே டாக்டர்."

"வேலைன்னு இப்ப நீங்கதானே சொன்னீங்க."

எனக்கு அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சு. கொஞ்சம் சந்தோசமாவும் இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

அந்தம்மா என் நெஞ்செலும்புல ரெண்டு விரலை வச்சு, "இருமுங்க"ன்னாங்க. இருமினேன். களக். அவங்க புருவம் சுருங்குறதைப் பாத்தேன். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிட்டாங்க. எடுத்துட்டு அந்த நீள பெஞ்சுல படம் வர்றதுக்கு உக்காந்திருந்தோம் பாருங்க, அதுக்கு ஆபரேஷனே தேவலாம். அங்க மயக்கம் குடுத்துட்டாங்க. இங்க முழுசா முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். மறுபடி திறந்தா நான் பிழைப்பேனா, மகளை யாருகிட்ட விடுறதுன்னு ஓடுச்சு. அத்தை வளத்துருவாங்க. வளத்து, இவளையும் களையெடுக்க அனுப்பிருவாங்க. அந்த நினைப்பு வந்தவுடனே எனக்கு ஆத்திரமா வந்துச்சு. சாகக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

படம் வந்துச்சு. கம்பி அறுபடலை. கீழ ஒரு எடத்துல மட்டும் எலும்பு லேசா விலகி நிக்குது. "இன்னும் ஒரு தரம் இந்த மாதிரி இழுத்தீங்கன்னா, நேரா மெட்ராசுக்குத்தான்"னு சொன்னாங்க டாக்டரம்மா. தைப் பொங்கல் வரைக்கும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது, கையை ஊணி எந்திரிக்கக்கூடாது. பிள்ளையைத் தூக்கவே கூடாது. காய்ச்சல் வந்தாலோ, தையல்ல நீர் வந்தாலோ அன்னைக்கே வரணும். அகலத் துணியால நெஞ்சை இறுக்கிக் கட்டிவிட்டாங்க. பிறகு அவரைப் பாத்துச் சொன்னாங்க. "சும்மா இருக்கச் சொல்லலை. ஒண்ணுமே செய்யக்கூடாதுன்னு சொல்றேன். ரெண்டும் வேற, புரியுதா?"

திரும்பி வர்றப்ப பஸ்ல அவரு எனக்கு ஒரு சீட்டுப் பிடிச்சுக் குடுத்தாரு. என் சீட்டைச் சுத்தி ரெண்டு கையையும் ஊணிக்கிட்டு, யாரும் எம் மேல இடிக்காம நின்னுக்கிட்டே வந்தாரு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டிட்டு நேரா கிணத்துக்குப் போனாரு.

ஆம்பளை தண்ணி எறைச்சுக் குடத்தைத் தூக்கிட்டு வந்தா காம்பவுண்டுல சும்மா விடுவாங்களா? மறுநாள் காலையில எதிர்வீட்டுக்காரர் பல்லு விளக்கிக்கிட்டே, "என்ன மாப்ள, வீட்டம்மாவுக்குச் சேவகமா?"ன்னு சிரிச்சாரு. இவருக்கு வந்துச்சே கோவம். "சிரிக்காத மாப்ள. வா, வந்து இந்தப் பானை நிறைய எறைச்சு ஊத்து. ஊத்திட்டு இது சும்மாவா இல்லையான்னு சொல்லு"ன்னாரு. எதிர்வீட்டுக்காரர் பல்குச்சியோட உள்ள போயிட்டாரு.

ஷிப்டுக்குத் தக்கபடி எங்க வீட்டுக்காரரே பானையை நிரப்புவாரு, சோறு பொங்குவாரு. மாவாட்டுவாரு. அவரு ஆட்டின மாவுல ஊத்தின இட்லியை எறிஞ்சா மண்டை உடையும். வாயைத் திறக்காமத் தின்னேன். பாக்க வந்தவுகளுக்கு அவரே காப்பி போட்டுக் குடுத்தாரு. அவுக தம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, குடிக்கவும் முடியாம வைக்கவும் முடியாம நெளிஞ்சாக. அதுக்குப் பிறகு கூட்டமும் குறைஞ்சு போச்சு.

ஆனா ஒண்ணும் செய்யாம இருக்கிறது இருக்கே, அந்த வேதனையை என்னன்னு சொல்லுவேன். பால் பொங்கிக்கிட்டு வரும். எட்டுற தூரம்தான். உடம்பு தன்னால கிளம்பும். கையை ஊணப் போவேன், நெஞ்சு இழுக்கும், அப்படியே நின்னுருவேன். பால் அடுப்புல வழிஞ்சு கருகி நாறும். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு, அதுமேல உக்காந்துக்குவேன். காலையில கண்ணு முழிச்சவுடனே துண்டை அணைச்சுக்கிட்டு மெல்ல இருமிப் பாப்பேன். களக்குன்னா அன்னைக்குச் சோறு இறங்காது. சில நாள் சத்தம் வராது, சாமியேன்னு நினைப்பேன். மறுநாள் வந்துரும்.

மகதான் பெரிய சோதனை. "அம்மா நெஞ்சு ஒடஞ்சிருக்குடி, தூக்கினா இன்னும் ஒடஞ்சுரும்"னு சொல்லி வச்சிருந்தோம். பேசப் பழகின வயசு. அப்பாவும் நானும் பேசுறதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பா. தெனமும் வந்து, "ஒட்டிருச்சா?"ன்னு கேப்பா. இல்லைன்னு சொன்னா, நான் எப்ப உக்காருவேன்னு காத்திருந்து, மடியில வந்து உக்காந்துக்குவா. தானா ஏறணும். நான் கை குடுக்க மாட்டேன்.

ஒரு நாள் மத்தியானம். அவரு மில்லுல இருந்தாரு. ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்குன்னு காம்பவுண்டே காலியாயிருச்சு. நான் வாசல்ல உக்காந்திருந்தேன், கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா, எம் மக துவைக்கிற கல்லுமேல ஏறி நின்னு, கிணத்துச் சுவத்துல வயித்தைக் குடுத்து, உள்ள தொங்குற கயித்துக்குக் கையை நீட்டிக்கிட்டு இருக்கா. காலு ரெண்டும் கல்லை விட்டு எழும்பிருச்சு.

கத்த வாய் வந்துச்சு. கத்தினா திடுக்குன்னு திரும்புவா, பிடி போயிரும். எந்திரிச்சேன். எப்படி எந்திரிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஊணினேனா ஊணலையான்னு. செருப்பில்லாத காலு, சத்தம் வராம நடந்தேன். அவ பாவாடையைக் கொத்தா ஒரு கையில பிடிச்சேன். பிடிச்சுட்டேன், அதுக்கு மேல என்ன பண்றது? இழுக்கக்கூடாது. விடவும் கூடாது. அவ என்னடான்னா, "அப்பா வேலையை நான் செய்றேன்மா"ன்னுக்கிட்டு இன்னும் எட்டுறா. அவ கனம் அந்தப் பக்கமாச் சாயுறது பாவாடைத் துணியில எனக்குத் தெரியுது.

முழங்காலையும் இடுப்பையும் குடுத்து அவ காலைச் சுவத்தோட சேத்து அழுத்திக்கிட்டேன். கை சும்மா பிடிச்சபடி இருந்துச்சு. குரலைச் சாதாரணமா வச்சுக்கிட்டு, "பாப்பா, அம்மா இப்ப உக்காரப் போறேன். மடி வேணுமா?"ன்னு கேட்டேன்.

"இரும்மா, கயிறு வரலை."

"கயிறு அப்பாவுக்கு. உனக்கு மடி. வேணுமா, வேணாமா? நான் உக்காரப் போறேன்."

யோசிச்சா. அவ யோசிக்கிற நேரம் பூரா நான் கிணத்துக்குள்ள தெரியுற தண்ணியைப் பாத்துக்கிட்டு நின்னேன். பிறகு, "வேணும்"னு சொல்லிட்டுப் பின்னால வழுக்கிக் கல்லுமேல காலை வச்சா. நான் திரும்பி முதுகைச் சுவத்தோரம் சாச்சு மெல்ல மெல்லக் கீழ உக்காந்தேன். அவ எம் மேலயே உரசிக்கிட்டு இறங்கி மடிக்கு வந்துட்டா. வந்த பிறகும் அவ பாவாடையைப் பிடிச்ச கையை நான் விடலை. அவ மட்டும் இன்னும் ஒரு சாண் அங்கிட்டுச் சாஞ்சிருந்தா, எலும்பாவது கம்பியாவது, ரெண்டு கையாலயும் அள்ளி எடுத்திருப்பேன். அது சத்தியம்.

இருமிப் பாக்கத் தைரியம் வரலை. மண்ணெண்ணெய் டின்னோட எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் ஈரத்துலயே உக்காந்திருந்தேன். அவரு வந்து கேட்டுட்டு, நேராப் போய்த் துவைக்கிற கல்லைப் பெயர்த்துத் தூரத்துல போட்டாரு. வந்து என் முன்னால குந்தி, "இருமு"ன்னாரு. துண்டை அணைச்சுக்கிட்டு இருமினேன். சத்தம் வரலை. இன்னொரு தரம் இருமச் சொன்னாரு. வரலை. அவரு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

பொங்கலுக்கு அத்தை கரும்பும் மஞ்சள்கொத்துமா வந்து இறங்கினாங்க. உள்ள வந்தா, மகன் முழங்கை வரைக்கும் மாவோட ஆட்டுரல் முன்னால உக்காந்திருக்காரு. "அட, என்னடா பண்ற?"ன்னு பதறிப் போய்க் கேட்டாங்க. அவரு நிமிந்து பாத்து, வேர்வையைத் தோள்ல துடைச்சுக்கிட்டு, "சும்மாதான்ம்மா இருக்கேன்"னாரு. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கிட்டு வந்துச்சு. துண்டை எடுத்து நெஞ்சுல அமுக்கிக்கிட்டுச் சிரிச்சேன். அத்தைக்கு ஒண்ணும் விளங்கலை, எங்க ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நினைச்சாங்க.

பொங்கல் கழிஞ்சு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டரம்மா. மொதல்ல என் கையைத்தான் வாங்கித் திருப்பினாங்க. தடம் ஆறி, தோலு வழவழன்னு இருந்துச்சு. பிறகு நெஞ்சுல விரலை வச்சு இருமச் சொன்னாங்க, படம் எடுக்கச் சொன்னாங்க. படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஒட்டிருச்சு"ன்னாங்க. கொஞ்சங் கொஞ்சமா வேலை செய்யலாம். பிள்ளையைத் தூக்கலாமான்னு கேட்டேன். தூக்கலாம்னாங்க. அன்னைக்குத்தான் அந்தம்மா சிரிச்சு நான் பாத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். மக அத்தை பக்கத்துல வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தா. நான் குனிஞ்சு ரெண்டு கையையும் நீட்டி, "வாடி, தூக்குறேன்"னேன்.

அவ ஒரு எட்டுப் பின்னால போனா. "வேணாம்மா. தூக்குறது வேலை. நீ சும்மா இரு."

அத்தை சிரிச்சாங்க. அவரு சிரிக்கலை. இதுக்காகத்தானேடி இம்புட்டு நாளு கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்? எட்டிப் பிடிச்சு, அவ துள்ளத் துள்ளத் தூக்கி இடுப்புல வச்சேன். நல்லாக் கனத்துப் போயிருந்தா. பயந்து போய், அசையாம என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. பிறகு மெதுவாத் தலையை இறக்கி, நெஞ்சுல காதை வச்சா. ரொம்ப நேரம் கேட்டா.

"யாரும் தட்டலைம்மா"ன்னா.